மழைல ஜோடியா கார்ல போக வால்பாறையா மூணாறா?

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ரெண்டு பக்கமும் தென்மேற்கு மழைதான், அதனால குழப்பம் வர்றது நியாயம்.

ரோடு:
வால்பாறை – பொள்ளாச்சில இருந்து ஆழியாறு தாண்டினதும் 40 கொண்டை ஊசி வளைவு. பனிமூட்டம் இறங்கிட்டா முன்னாடி போற பஸ்ஸோட சிவப்பு லைட் மட்டும்தான் தெரியும்.
மூணாறு – உடுமலைல இருந்து சின்னாறு, மறையூர் வழி. கனமழைன்னா மூணாறு தாண்டி தேவிகுளம் பக்கம் இருக்குற கேப் ரோட்ல மண் சரியும், நைட் டிரைவே வேணாம்.

டென்ட்:
வால்பாறைல யானை, சிறுத்தை நடமாட்டம் ஜாஸ்தி, இஷ்டத்துக்கு டென்ட் போடவே கூடாது, ரூம்தான் சரி.
மூணாறு பக்கம் சூரியநெல்லி, கொழுக்குமலைல தனியார் கேம்ப் இருக்கு, ஆனா காத்தும் மழையும் சேர்ந்து அடிச்சா டென்ட் துணி நெஞ்சுல வந்து ஒட்டுற மாதிரி அமுங்கும், தூக்கமே வராது. மறையூர், காந்தளூர் மழை மறைவுப் பகுதி, அங்க மழை ரொம்ப கம்மி, டென்ட்தான் வேணும்னு ரெண்டு பேரும் அடம்புடிச்சா அங்க கேம்ப் பாருங்க.

பாக்குறதுக்கு:
வால்பாறை – புதுத்தோட்டத்துல ரோட்டோரமே சிங்கவால் குரங்கு, சோலையாறு டேம், சின்னக்கல்லாறு. கூட்டம் கம்மி. அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துக்கோங்க.
மூணாறு – இரவிகுளம் தேசியப் பூங்கா, லக்கம் அருவி, டாப் ஸ்டேஷன் வியூ பாயின்ட். லீவு நாள்ல டிராஃபிக் கொடுமை.

அமைதியா பேசிக்கிட்டே மழைய ரசிக்கணும்னா கண்ண மூடிட்டு வால்பாறை. கேம்ப்பும் வேணும், சுத்தியும் பாக்கணும்னா மறையூர்ல தங்கிட்டு பகல்ல மூணாறு போய்ட்டு வாங்க.