பிரசவ வயிறு குறைக்கிற பேக்கேஜ்: 11,800 ரூபாய் போச்சு, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்க கவனிங்க

சூடு ஆறறதுக்குள்ள எழுதறேன், தாறுமாறா இருந்தா பொறுத்துக்குங்க. கிருஷ்ணகிரி டவுன்ல மாடியில நடக்கற ஒரு லேடீஸ் ஃபிட்னஸ் சென்டர். புகார் போயிருக்கு, அதனால பேர் போடல. காவேரிப்பட்டணத்துல இருக்கற என் தங்கச்சிகிட்ட 11,800 ரூபாய் வாங்கிட்டாங்க. பேக்கேஜ் 10,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி 1,800. ஜிஎஸ்டி வாங்கினவங்க பில் மட்டும் குடுக்கல. நான் பிசியோதெரபி படிச்சவ. அதனாலதான் கோபம் ரெண்டு மடங்கு.

தங்கச்சி குழந்தைக்கு அஞ்சு மாசம். அவளுக்கு வயிறு இறங்கல. சந்தைக்குப் போனா "அடுத்ததா?"ன்னு கேக்கறாங்க. அந்த நேரத்துல சென்டர்ல ஒரு அம்மா உக்கார வெச்சு, கையைப் பிடிச்சு, "நானும் ரெண்டு பெத்தவதான் கண்ணு. எதுக்காகவும் பால் குடுக்கறதை நிறுத்திடாத"ன்னு சொன்னா யாருதான் நம்ப மாட்டாங்க? அந்த ஒரு வார்த்தை சரியான வார்த்தை. அதுக்கப்புறம் அங்க சொன்னது எதுவுமே சரியில்ல. எடை பாத்தாங்க, டேப் வெச்சு சுத்தளவு எடுத்தாங்க, க்யூஆர் கோடை நீட்டினாங்க. வயித்தை மட்டும் யாரும் தொட்டுப் பாக்கல.

அதுதான் முதல்ல செய்ய வேண்டியது. மல்லாக்க படுத்து முழங்காலை மடக்கி, தலையையும் தோளையும் லேசா தூக்கணும். தொப்புளுக்கு மேல, தொப்புள்ல, கீழன்னு மூணு இடத்துல நடுக்கோட்டுல விரலைக் குறுக்கா வெச்சுப் பாக்கணும். கர்ப்பத்துல வயித்துத் தசை ரெண்டு பக்கமும் விலகி, நடுவுல இருக்கற சவ்வு இழுபட்டுப் போயிருக்கும். ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி இருந்தா அது விலகல். எவ்வளவு ஆழமா விரல் இறங்குதுங்கறதும் முக்கியம். எழுந்திரிக்கும்போது நடுவுல கூரை முகடு மாதிரி வயிறு எழும்பினாலும் அதேதான். அங்க தொங்கறது கொழுப்பு மட்டும் இல்ல, தாங்கிப் பிடிக்கத் தசை இல்லாததும்தான். மூணு நிமிஷ வேலை. அதுக்கு 11,800 தேவையில்ல.

அவங்க அனுப்பின வீடியோவுல என்ன இருந்துச்சு தெரியுமா? கிரஞ்ச், அதாவது மல்லாக்க படுத்து தலையையும் தோளையும் தூக்கறது, இருபது, மூணு செட். ரெண்டு காலையும் சேத்துத் தூக்கறது. ஒரு நிமிஷம் பிளாங்க், அதாவது குப்புற முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேரா நிறுத்தறது. விலகல் இருக்கற வயித்துல இதைச் செஞ்சா உள்ளழுத்தம் ஏறி, பலவீனமான நடுக்கோட்டைத்தான் வெளிய தள்ளும். கூடவே வேர்க்க வைக்கிற ரப்பர் பெல்ட், இறுக்கிக் கட்டிக்கிட்டே பண்ணணுமாம். மேல இறுக்கினா அழுத்தம் கீழ கருப்பை, மூத்திரப்பை பக்கம் இறங்கும். தங்கச்சிக்கு இருமினா, தும்மினா மூத்திரம் கசிய ஆரம்பிச்சுது. இடுப்பு வலி. மெசேஜ் போட்டா பதில்: "வேர்வை நல்லா வருதா? அப்ப கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம்." வேர்வைன்னா தண்ணியும் கொஞ்சம் உப்பும்தான், கொழுப்பு இல்ல. நம்ம பாட்டிங்க பழைய பருத்திப் புடவையில வயிறு கட்டினது கொஞ்ச நாள் தாங்கலுக்கு, இடுப்புக்கு ஆதரவா. கொழுப்பு கரையும்னு அவங்க யாரும் காசு வாங்கல.

பேக்கேஜோட குடுத்த பவுடர் ரெண்டு டின். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் இருக்கணும், இதுல இல்ல. பொடி எழுத்துல நிலாவாரைன்னு போட்டிருக்கு. அது பேதிச் சரக்கு. வயிறு கழிஞ்சா ஒரு கிலோ, ரெண்டு கிலோ எடை காட்டும். தண்ணி குடிச்சா திரும்பி வரும். "முதல் வாரமே ரிசல்ட்"டோட சூத்திரம் இவ்வளவுதான்.

சாப்பாட்டுச் சார்ட் இன்னும் மோசம். காலையும் ராத்திரியும் பவுடர், மதியம் ரெண்டு சப்பாத்தி. நான் கூட்டிப் பாத்தேன், 900 கலோரி தேறல. பால் குடுக்கற அம்மாவுக்கு முதல் ஆறு மாசம் வழக்கத்தை விட 600 கலோரி கூடுதலா வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லுது. பால் குடுக்கறதை நிறுத்தாதன்னு சொன்ன அதே வாய், களியை நிறுத்துன்னும் சொல்லுச்சு! தர்மபுரி, கிருஷ்ணகிரியில வந்து கேழ்வரகு கெட்டதுன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சோ. மதியம் 70 கிராம் மாவுல ஒரு உருண்டை களி, கூட கொள்ளோ அவரைக்கொட்டையோ கடைஞ்சு, ஒரு கீரை, ஒரு முட்டை. இதுல என்ன குறை? குறைக்கணும்னா நாளைக்கு அஞ்சு டீயில ரெண்டு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, அதுவே 200 கலோரி. பேக்கரி பஃப்ஸ், சாயங்கால போண்டா, "தாய்மாருக்கு"ன்னு விக்கிற சர்க்கரை மாவு. வாரம் அரைக் கிலோவுக்கு மேல இறங்க அவசரப்படாதீங்க.

பணம் திருப்பிக் கேட்டதும் கதையே மாறிச்சு. "திறந்த டின் ரிட்டர்ன் கிடையாது." அப்புறம் "உங்ககிட்ட கன்சிஸ்டென்ஸி இல்ல மேடம்." கண்ணு எப்ப மேடம் ஆனாங்கன்னு தெரியல. நேர்ல போனா "ஓனர் பெங்களூர்ல", போன் பண்ணா "அட்மின் மாறிட்டாங்க". பில் கேட்ட அன்னைக்கே வாட்ஸ்அப் குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க. 11,800 ரூபாய் போனது ஒரு தனி ஆள் பேர்ல இருக்கற யூபிஐ கணக்குக்கு, சென்டர் பேர்ல இல்ல.

என்ன செய்யணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப முடியல. அவசரத்துக்கு மட்டும்: சுகப்பிரசவமோ சிசேரியனோ, ஆறு வாரப் பரிசோதனையில டாக்டர் சரின்னு சொன்ன பிறகு பயிற்சியை ஆரம்பிங்க. படுத்து முழங்கால் மடக்கி, மூக்கு வழியா மூச்சு இழுத்து விலாவை விரியவிடுங்க. வாய் வழியா மெதுவா விடும்போது மூத்திரத்தை அடக்கற மாதிரி கீழ்ப்பக்கத்தைத் தூக்கி, அடிவயித்தை உள்ள இழுத்து அஞ்சு நொடி. பத்து தடவை, காலையும் சாயங்காலமும். அது பழகினதும் அதே மூச்சோட ஒரு குதிகாலைத் தரையில தேச்சு நீட்டி மடக்கறது, பக்கத்துக்குப் பத்து. அப்புறம் இடுப்பைத் தூக்கறது. எதைச் செஞ்சாலும் நடுவுல முகடு எழும்பினா நிறுத்துங்க, அது இன்னும் உங்களுக்கு இல்ல. படுக்கையில இருந்து நேரா எழுந்திரிக்காதீங்க, பக்கவாட்டுல புரண்டு கையூன்றி எழுந்திரிங்க. குழந்தையையோ குடத்தையோ தூக்கும்போது மூச்சை அடக்காம வெளிய விடுங்க. மாசக்கணக்குல ஆகும், இடைவெளி முழுசா மூடாமலும் போகலாம், ஆனா வயிறு தாங்கும். தொப்புள்ல கட்டி மாதிரி புடைச்சா, வலிச்சா குடலிறக்கமான்னு சர்ஜன்கிட்ட காட்டுங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, பிசியோதெரபி எங்கன்னு கேட்டுப் போங்க.

ஜிஎஸ்டி நம்பரோட பில் தராதவங்களுக்குப் பணம் போடாதீங்க. வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீங்க, டின்னைத் தூக்கிப் போடாதீங்க, லேபிள் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. அதே பேக்கேஜுக்குப் பர்கூர் பக்கம் ரெண்டு பேர் முன்பணம் கட்டியிருக்கறதா கேள்விப்பட்டேன். மிச்சப் பணத்தைக் கட்டாதீங்க, நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்னைக்கே கூப்பிடுங்க.