முதலில் எந்த ஜாப்? ஒரு மெஷினும் மூன்று விதிகளும்

இரும்பைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் ஒரு கிரைண்டிங் மெஷின் முன்னால் நான்கு ஜாப்கள், அதாவது வேலைக்கு வந்த துண்டுகள், காத்திருக்கின்றன. வந்த வரிசைப்படி தண்டுக்கு 8 மணி நேரம் பிடிக்கும், புஷ்ஷுக்கு 2, பல்சக்கரத்துக்கு 5, வாஷருக்கு 1. இப்போதிலிருந்து எண்ணினால் தண்டின் கெடு 9 மணி நேரம், பல்சக்கரத்துக்கு 10, புஷ்ஷுக்கு 17, வாஷருக்கு 18. எதை முதலில் மாட்டுவது?

வந்தது முதலில் என்று போனால் ஒரு ஜாப் முடிய, காத்திருப்பையும் சேர்த்து, சராசரியாக 12.25 மணி நேரம் ஆகிறது. பல்சக்கரம் 5 மணி நேரம் பிந்துகிறது. வரிசையில் நிற்கும் மனிதர்களுக்கு இது நியாயமான முறை. இரும்புத் துண்டுகளுக்கு அந்த நியாயம் தேவையில்லை.

சிறியது முதலில் என்றால் வாஷர், புஷ், பல்சக்கரம், தண்டு என்று ஓடும். சராசரி 7 மணி நேரமாக இறங்கிவிடுகிறது. வேறெந்த வரிசையாலும் இதைவிடக் குறைக்க முடியாது. ஸ்மித் என்ற ஆய்வாளர் 1956-இல் இதை நிறுவினார். மெஷின் முன் குவியும் சரக்கும் மளமளவென்று கரையும். ஆனால் தண்டு 7 மணி நேரம் பிந்துகிறது. இடையில் புதிதாகச் சின்ன ஜாப்கள் வந்துகொண்டே இருந்தால், தண்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும். காத்திருப்பு மொத்தமும் ஒரே வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது. எனக்கு இது உறுத்துகிறது.

கெடு நெருங்கியது முதலில் என்றால் தண்டு, பல்சக்கரம், புஷ், வாஷர். சராசரி 13, மூன்றிலும் இதுதான் மோசம். ஆனாலும் அதிகபட்சத் தாமதம் 3 மணி நேரத்தோடு நின்றுவிடுகிறது. அதை இதற்கும் கீழே கொண்டுவர எந்த வரிசையாலும் முடியாது என்பது ஜாக்சன் என்ற ஆய்வாளர் 1955-இல் காட்டிய முடிவு.

என் ஓட்டு இதற்குத்தான். எந்த ஜாப் எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று தெரியாமலே இந்த வரிசையைப் போட்டுவிடலாம் என்பது முக்கியக் காரணம். கல் சீக்கிரம் மழுங்கிவிடும், வரைபடத்தில் ஓர் அளவு தெளிவாக இருக்காது. 5 மணி நேரம் என்று எழுதியது 7 ஆகிவிடும். சிறியது முதலில் என்ற விதிக்கு அந்த மதிப்பீடுதான் அடித்தளம். கெடு பார்க்கும் விதிக்குத் தேதி மட்டும் போதும்.

அந்தத் தேதி உண்மையாக இருக்க வேண்டும். எல்லா ஜாப் கார்டிலும் சிவப்பு மையில் ‘அவசரம்’ என்று எழுதிவிட்டால் விதி செத்துவிடும். பிறகு போனில் யார் அதிகம் கத்துகிறாரோ அவருடைய ஜாப்தான் மெஷினில் ஏறும். கெடுவே கொடுக்காத பழுதுபார்ப்பு வேலைகளுக்குச் சிறியது முதலில் என்பதே சரி. அங்கும் எந்த ஜாப்பும் இத்தனை நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துவிட வேண்டும். மூன்று விதிகளும் செட்டிங் மாற்றும் நேரத்தை, அதாவது அடுத்த ஜாப்புக்கு மெஷினைத் தயார்செய்யும் நேரத்தை, கணக்கில் எடுப்பதில்லை; ஒரே செட்டிங்கில் ஓடும் இரண்டு ஜாப்கள் இருந்தால் சேர்த்தே ஓட்டுங்கள்.

தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் சேர்த்து 13 மணி நேர வேலை இருக்கிறது. இரண்டையும் 10 மணி நேரத்துக்குள் முடிக்க எந்த விதியாலும் ஆகாது. கெடு வரிசையைப் போட்டதுமே பல்சக்கரம் 3 மணி நேரம் பிந்தும் என்பது தெரிந்துவிடுகிறது. அதன் வாடிக்கையாளரை மெஷினை ஓட்டும் முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.