காற்றழுத்த டிஸ்பென்சர், யூவி விளக்கு, ஓவன்: போர்டில் பசை வைக்கும் வேலையின் நீண்டகால அனுபவம்

எல்.இ.டி. டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் தரும் சுற்று), எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி) போன்ற எலெக்ட்ரானிக் போர்டுகளைச் சிறு லாட்டுகளாகச் செய்யும் லைனில் பசைக்கு மூன்று வேலைதான். உயரமான கெப்பாசிட்டரும் காயிலும் ஆடாமல் பிடிக்க வேண்டும், ஒயர் சாலிடர் ஆகும் இடத்துக்குத் தாங்கல் தர வேண்டும், ஹீட் சிங்க்கையோ (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) சென்சாரையோ ஒட்ட வேண்டும். இதற்காக ஓடிக்கொண்டிருப்பவை: டைம்-பிரஷர் டிஸ்பென்சர் (குறித்த நேரத்துக்குக் காற்றழுத்தத் துடிப்பு தந்து சிரிஞ்சிலிருந்து பசையைத் தள்ளும் கருவி), 30 சி.சி. சிரிஞ்ச், 365 நானோமீட்டர் எல்.இ.டி. யூவி (புற ஊதா) விளக்கு, காற்றைச் சுழற்றும் சாதாரண ஓவன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஸ்பென்சர் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. யூவி விளக்கு நல்லதுதான், ஆனால் விற்பவர் சொல்லும் அளவுக்கு இல்லை. ஓவனில் வரும் கோளாறுதான் எளிதில் கண்ணில் படாது. "பசை சரியில்லை" என்று சப்ளையரிடம் போகும் புகாரில் பாதிக்கு மேல் அளவோ இறுகலோ தவறியதாகத்தான் இருக்கும்.

டிஸ்பென்சரில் முதலில் பிடிபட வேண்டியது, சிரிஞ்ச் காலியாகக் காலியாகச் சொட்டு சிறுத்துப்போவது. காலையில் போட்ட புது சிரிஞ்சும் மாலையில் கால்வாசி மிஞ்சிய சிரிஞ்சும் ஒரே செட்டிங்கில் ஒரே அளவு தராது. பசை குறையும்போது மேலே காற்றுக்கான இடம் கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த இடம் அழுத்தம் ஏறிய பிறகே பசை நகரும். துடிப்பு 0.1 நொடியாக இருந்தால் இந்தத் தாமதமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 0.5 நொடிக்கு மேல் வைத்து, அழுத்தத்தைக் குறைத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். டிஸ்பென்சரிலிருந்து சிரிஞ்சுக்கு வரும் குழாய் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் காற்று நிரப்ப வேண்டிய இடம்தான். பசைக்கு மேல் பிஸ்டன் போடாமல் ஓட்டினால், கெட்டியான பசையின் நடுவே காற்று துளைத்துக்கொண்டு இறங்கி, சொட்டுக்குப் பதில் குமிழி வரும்.

நீடிலை மாற்றுபவர்கள் அதன் விளைவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நேர் ஸ்டீல் நீடிலில் ஓட்டம் உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 0.41 மி.மீ. (22 கேஜ்) இருந்த இடத்தில் அதே நீளத்தில் 0.25 மி.மீ. (25 கேஜ்) போட்டால் அதே அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். ஆப்பரேட்டர் ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டே போவார், பிறகு ஒரு சொட்டு வழிந்து நிற்காது. கெட்டியான பசைக்குக் கூம்பு வடிவ பிளாஸ்டிக் டிப் போட்டால் குறைந்த அழுத்தமே போதும். யூவி பசைக்குக் கறுப்பு டிப்பும் ஒளி புகாத சிரிஞ்சும் கட்டாயம். டிப் தெளிவாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்திலேயே நுனி அடைத்துக்கொள்ளும். திருகு பூட்டும் அனரோபிக் பசைக்கு (காற்றில்லாத இடத்தில் இறுகுவது) ஸ்டீல் நீடில் ஆகாது, உலோகம் பட்டாலே அது உள்ளேயே இறுகத் தொடங்கும்.

வெயில் காலத்துச் சென்னையில் ஏ.சி. இல்லாத ஷெட்டில் 38 டிகிரி, ஏ.சி. அறையில் 24. பல எபாக்ஸிப் பசைகளின் பாகுத்தன்மை 10 டிகிரி கூடினாலே ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே ஷிஃப்ட் ஆரம்பத்திலும் சாப்பாட்டுக்குப் பிறகும் 50 சொட்டுகளை அலுமினியத் தாளில் வைத்து, மில்லிகிராம் காட்டும் தராசில் எடை பார்ப்பதே நம்பகமான முறை. சராசரி 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் முதலில் நேரத்தைத் திருத்துங்கள், அழுத்தத்தைத் தொட வேண்டாம். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

இரண்டு பாகப் பசைக்கு (இரு பாகத்தையும் கலந்த பிறகே இறுகுவது) இந்த டிஸ்பென்சரைப் பரிந்துரைக்க முடியாது. கலந்து சிரிஞ்சில் ஊற்றியதும் பாகுத்தன்மை ஏறத் தொடங்கிவிடும். இரட்டைக் குழல் காட்ரிட்ஜும் ஸ்டாட்டிக் மிக்ஸரும் (பசை போகும்போதே கலக்கும் நுனிக் குழல்) நல்லது. மிக்ஸர் போடுமுன் இரு பக்கமும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள், பிறகு மிக்ஸர் போட்டு முதல் சில சென்டிமீட்டரை ஒதுக்கிவிடுங்கள். விகிதத்தைச் சரிபார்க்க, மிக்ஸர் இல்லாமல் இரு பாகத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து எடை போடுங்கள். டேட்டாஷீட்டில் 10:1 என்று போட்டிருப்பது எடையா கொள்ளளவா என்று பார்க்கத் தவறினால் எல்லாக் கணக்கும் வீண்.

இனி இறுகும் பக்கம். யூவி அக்ரிலேட்டுக்கு (யூவி ஒளியில் இறுகும் பசை) வேண்டியது மொத்த ஆற்றல்: சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் படும் இடத்தில் 10 நொடி என்றால் 1000 மில்லிஜூல். விளக்கு பழையதாக ஆக வெளிச்சம் குறையும். தூரம் கூடினாலும் குறையும். வெளிச்சத்தை அளக்கும் ரேடியோமீட்டர் விளக்கின் அலைநீளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெர்குரி விளக்குக்குக் காலிபரேட் செய்த மீட்டர் 405 நானோமீட்டர் எல்.இ.டி.யைத் தவறாகக் காட்டும். பாலிகார்பனேட் மூடி வழியாக ஒளி செலுத்துவதாக இருந்தால் 365 பெரும்பாலும் உள்ளே போகாது, 405 எடுங்கள்.

இறுகிய பிறகும் மேற்பரப்பு கையில் பிசுபிசுக்கிறதா? காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்படலத்தின் வினையைத் தடுத்திருக்கலாம். நேரத்தைக் கூட்டினால் ஓரளவே பலன், வெளிச்சத்தின் தீவிரத்தைக் கூட்டுவதும் நைட்ரஜன் செலுத்துவதும் அதிகம் உதவும். கெப்பாசிட்டரின் அடியில் வழிந்த பசைக்கு ஒளியே போகாது. அதனால்தான் யூவி மட்டும் இறுக்கும் பசை இந்த வேலைக்கு வேண்டாம் என்கிறோம். யூவியோடு வெப்பமோ ஈரப்பதமோ சேர்ந்து இறுக்கும் ரகம் விலை கூடினாலும் வாங்கலாம்.

ஓவனில் டிஸ்பிளே காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். "150 டிகிரியில் 5 நிமிடம்" என்றால் பசை இருக்கும் இடம் 150ஐத் தொட்ட பிறகு 5 நிமிடம். பெரிய அலுமினிய ஹீட் சிங்க் உள்ள போர்டு, வெறும் போர்டைவிட வெகுநேரம் கழித்தே அந்த நிலைக்கு வரும். மெல்லிய கே-டைப் தெர்மோகப்பிளைப் (வெப்பம் அளக்கும் ஒயர்) பசைக்குள்ளேயே புதைத்து ஒரு முறை ஓட்டி, அந்த வளைவைப் பார்த்து நேரம் வையுங்கள். ட்ரே நிறைய வைத்தும் ஒரு முறை ஓட்டுங்கள். அரைகுறையாக இறுகிய எபாக்ஸி அன்று பிடிப்பாகவே இருக்கும், சூடும் ஈரமும் பட்ட பிறகே உரியும். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஏறிய போர்டை 150 டிகிரியில் வைக்கக் கூடாது, பலவற்றின் வரம்பே 105தான். அதற்கு 80 டிகிரி ரக எபாக்ஸி இருக்கிறது, உறைநிலையில் வைக்க வேண்டும். எடுத்ததும் சிரிஞ்சைக் கையில் பிடித்துச் சூடேற்றாதீர்கள், ஓரத்தில் குமிழி வரும். நுனி கீழாக நிறுத்தி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, வெளியே படிந்த நீரைத் துடைத்துத் திறங்கள். மீண்டும் உறைய வைக்க வேண்டாம்.

பிடிமானச் சோதனையில் எவ்வளவு விசையில் உரிந்தது என்பதோடு, எங்கே உரிந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பசை நடுவில் பிளந்து இரு பக்கமும் ஒட்டியிருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணாடி போல் சுத்தமாகக் கழன்றால் ஃப்ளக்ஸ் (சாலிடர் செய்ய உதவும் பொருள்) படிவு, கை எண்ணெய், இல்லாவிட்டால் இறுகாத மேல்படலம் காரணம். பிளாட்டினம் வினையூக்கி ரக சிலிக்கோன் கிண்ணத்தில் நன்றாக இறுகி, போர்டைத் தொடும் இடத்தில் மட்டும் பிசுபிசுத்தால், அது ஃப்ளக்ஸ் மீதியாலோ கந்தகம் உள்ள லேடெக்ஸ் கையுறையாலோ வினையூக்கி முடங்கியதன் அறிகுறி.

ஆர்.டி.வி. (அறை வெப்பத்தில் இறுகும்) சிலிக்கோனில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் புளித்த வாசனை ரகத்தைப் போர்டில் வைக்காதீர்கள், வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். அந்தப் புளித்த வாசனை இல்லாத நடுநிலை ரகம் 24 மணி நேரத்தில் 2 முதல் 3 மி.மீ. ஆழம் இறுகும். மழைக்காலத்தில் மேல்தோல் சீக்கிரம் கட்டுவதால் இறுகிவிட்டது என்று தோன்றும், உள்ளே பச்சையாகவே இருக்கும். காற்றின் ஈரமே அதை இறுக்குவதால், போர்டு இருக்கும் பெட்டியை மூடி போட்டு அடைத்துவிட்டால் இறுகுவது நின்றுவிடும். பெட்டியை ஒரு நாளாவது திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். பக்கத்தில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருந்தால் சிலிக்கோன் ஆவி தொடர்பு முனைகளில் படிந்து கோளாறு தரும், அங்கே எபாக்ஸியோ அக்ரிலேட்டோ போடுங்கள்.