மணல் தட்டும் பனை ஓலையும்: தண்டையார்பேட்டையில் நான்கு வருட வீட்டுப்பள்ளி

2021 ஜூனில் தொடங்கினோம். பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்று. ஊரடங்கில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. ஐந்து வயதுக் குழந்தையை போன் முன்னால் உட்கார வைத்துப் பாடம் கேட்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, கம்பி போட்ட நீளமான வராந்தா. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், பிள்ளைகளுக்கு ஆயா. இந்த நான்கு வருடத்தில் எது உழைத்தது, எது மூலையில் போய் உட்கார்ந்தது என்று எழுதிவைத்தால் அடுத்து தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதலில் வாங்கியது, வெளிநாட்டில் வீட்டுப்பள்ளி நடத்துபவர்கள் பயன்படுத்தும் 'கிளாசிக்கல்' பாடத்திட்டம் ஒன்று. கோப்புகளாக வந்தது, அச்செடுத்துக் கட்டவே 3,800 ரூபாய் ஆனது. இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று ஐரோப்பாவில் இடைக்காலத்தில் இருந்த மூன்று படிகளைக் குழந்தையின் வயதுக்கேற்ப அடுக்குகிறார்கள். இதற்கு வித்திட்டது ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபர்டில் ஆற்றிய ஓர் உரை. சின்ன வயதைக் கிளிப்பிள்ளைப் பருவம் என்று அவர் சொன்னார். அந்த வயதில் பிள்ளைகளுக்கு ஒப்பிப்பதே ஒரு சந்தோஷம், அதனால் பாட்டாகவும் வரிசையாகவும் நிறைய ஏற்றிவிடலாம் என்பது கணக்கு. அது உண்மை, என் வீட்டிலேயே பார்த்தேன்.

ஆனால் உள்ளே இருந்த சரக்கு எங்களுக்குச் சேரவில்லை. லத்தீன் வேற்றுமை உருபுகளை அவள் இரண்டு வாரம் பாடினாள், மூன்றாவது வாரம் மறந்தாள். தெருவில், கடையில், ஆயாவின் வாயில் அந்தச் சொற்கள் எங்கேயும் வரவில்லையே. சர்க்கரைக் கட்டியில் கட்டிய பிரமிடை எறும்பு எடுத்துக்கொண்டது. உப்பும் மைதாவும் பிசைந்து செய்த இந்திய வரைபடம், கடற்காற்றில் உப்பு நீர்விட்டு, ஐப்பசி மழையில் குழைந்துபோனது. சில மாதங்களிலேயே, அச்செடுத்த கட்டைப் பரணில் போட்டோம். மனப்பாடம், கேட்டதைத் திருப்பிச் சொல்வது, பார்த்து எழுதுவது, வரலாற்றை ஆதியிலிருந்து வரிசையாகப் படிப்பது என்ற நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே நம் சரக்கைப் போட்டோம்.

இதில் மிக நீண்ட நாள் உழைத்தது மணல் தட்டு. எவர்சில்வர் தாம்பாளம் வீட்டில் இருந்தது, செலவு கிடையாது. ஆனால் மணலில் ஒரு விஷயம் இருக்கிறது. காசிமேட்டுக் கரையிலிருந்து அள்ளிவந்த மணல் முதல் வாரமே கட்டிகட்டியாக ஒட்டியது. அதிலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, மாடியில் இரண்டு நாள் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்த பிறகு விரல் ஓடிய இடம் பளிச்சென்று நின்றது. ரவையையும் அரிசியையும் போட்டுப் பார்த்தோம். எறும்பும் வண்டும் வந்தன. மணல்தான் சரி.

திண்ணைப் பள்ளியில் மணலில்தான் எழுதிப் பழகினார்கள் என்று நமக்குத் தெரியும். அது இங்கிருந்து கடல் தாண்டிப் போன கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல். இங்கே ஒரு நாட்டுப்பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அது இங்கிலாந்தில் பரவியது. நம்மிடமிருந்து போனதை 3,800 ரூபாய்க் கட்டுக்குள் தேடியிருக்கிறேனே என்று அன்று நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

மணலோடு ஆத்திசூடியைச் சேர்த்தோம். ஒரு வரி சொல்வது, அதன் முதல் எழுத்தை எழுதுவது, தட்டை ஆட்டி அழிப்பது, அடுத்த வரி. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் அர்த்தம் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறரை வயதில் ஒரு நாள் அவளே நிறுத்திக் கேட்டாள்: "வாங்கறது இகழ்ச்சின்னா, அடுத்த வரியில ஐயமிட்டு உண்ணுன்னு ஏன் சொல்லுது? யாராவது வாங்கினாதானே நாம குடுக்க முடியும்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா, "பசிச்சவன் வெக்கப்பட்டுக்கினேதான் வாங்குவான் கண்ணு. அதான் அவன் கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடணும்" என்றார். தர்க்கப் படி என்று அந்தக் கட்டில் தனியாகப் பாடம் இருந்தது. எங்களுக்கு அது மனப்பாடத்திலிருந்தே முளைத்தது.

திருப்பிச் சொல்வதும் ஆயாவால்தான் நிலைத்தது. நானே கதை படித்துவிட்டு நானே "எங்கே, சொல்லு" என்றால், உனக்குத்தான் தெரியுமே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கதையைக் கேட்காத ஆயாவிடம் போய்ச் சொல்லும்போது வேகமாக வரும். ஆயா விடாமல் கேள்வி கேட்பார், அவள் பெயர்களைச் சரியாக நினைவில் வைத்தாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்த ஒரே பாடம் இதுதான்.

வரலாற்றுக்குச் சுவரில் ஒட்டும் காலக்கோடு கட்டிலேயே இருந்தது. அதற்குப் பதிலாகக் காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடையில் பச்சை நைலான் கயிறு வாங்கி வராந்தாக் கம்பியில் கட்டினோம். நூறு வருடத்துக்கு ஒரு சாண், இரண்டாயிரம் வருடத்துக்கு இருபது சாண். சங்க காலத்துப் பக்கத்திலிருந்து அவள் பத்து சாண் அளந்தாள், இன்றைய பக்கத்திலிருந்து நான் பத்து அளந்தேன். துணித்துண்டுகளைக் கட்டிமுடித்துத் தள்ளி நின்று பார்த்தவள், "ஏன்மா பல்லவர்லாம் மட்டும் நெருக்கிக்கிட்டு நிக்கறாங்க?" என்றாள். கையை நீட்டி என் கைமேல் வைத்துப் பார்த்தாள். புரிந்துவிட்டது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, என் சாணுக்கு ஒடித்து, முழுக் கயிற்றையும் அதை வைத்தே மறுபடி அளந்தாள். அளவுகோல் எதற்கு என்று நான் பாடம் எடுக்கவே தேவைப்படவில்லை. 1856க்கான சிவப்புத் துணியைக் கட்டிய வாரம் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போனோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தூண்களைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுத்தாள். 1914இல் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது அந்தத் துணியிலிருந்து அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே தள்ளி இருக்கிறது. ஆயா பிறந்த வருடம் எம்டனுக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்து ஆயாவே அசந்துபோனார்.

பல்லாங்குழி கணக்குக்கு நன்றாக உதவியது. பதினாலு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது புளியங்கொட்டை. நாலு சேர்ந்தால் பசு. கொட்டையை வெறும் சட்டியில் லேசாக வறுத்து வைத்தால் வண்டு துளைக்காது. பின்னத்துக்கு ஆயாவின் பித்தளைப் படி: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கை அரைக்கால் படி என்று வாயால் சொல்லி அரிசி கொட்டிப் பழகியவளுக்கு எட்டில் ஒன்று பயமாகவே இல்லை.

இந்த எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது பனை ஓலை. சித்திரையில் தெருவுக்கு நுங்கு வண்டி வரும்போது ஓலை கேட்டு வாங்கினோம். நடு ஈர்க்கை எடுத்துவிட்டு நீளமாக நறுக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் வேகவைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்த முதல் கட்டு சுருண்டுபோனது. காய்ந்த பிறகு சோழியால் தேய்த்தால் வழுவழுப்பாகும். எழுத்தாணிக்கு ஓர் ஆணி. முனையைச் சிமெண்ட் தரையில் கொஞ்சம் மழுக்கினோம். அவள் 'பட்டம்' என்று எழுதப் பார்த்தாள். ப போட்டாள். ட வின் கீழ்க்கோட்டை இழுத்ததும் ஓலை நார் போன வழியிலேயே நீளமாகக் கிழிந்தது. அடுத்த ஓலையில் கோட்டைக் கொஞ்சம் வளைத்தாள், நின்றது. புள்ளி வைக்க அழுத்தினாள், ஓட்டை விழுந்தது. மூன்றாவது ஓலையில் புள்ளியே வைக்கவில்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்ததும் கீறலில் மட்டும் கறுப்பு நின்று எழுத்து எழுந்து வந்தது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "படடம... என்னாது இது?" என்றார். பழைய ஓலைகளில் புள்ளி இருக்காது, படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம் எழுத்து ஏன் இப்படி வளைந்து வளைந்து இருக்கிறது என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணத்தை அவள் விரலிலேயே பிடித்துவிட்டாள்.

குறைகளும் உண்டு. இதற்கு நாளும் இரண்டு மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் முழுதாக நடக்காது. மணலும் பல்லாங்குழியும் மட்டும் மாலையில் நடக்கும். கூட விளையாட அவள் வயதுப் பிள்ளைகள் கிடைக்கவில்லை என்பதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் 2025 ஜூனில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து வீட்டிலேயே படிக்க வைப்பவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான நிலைகள் இருக்கின்றன. அவளுக்கு மனக்கணக்கும் கதை சொல்வதும் வகுப்பில் சுலபமாக வந்தன. கரும்பலகையைப் பார்த்து வேகமாக எழுதுவதிலும் ஆங்கில ஸ்பெல்லிங்கிலும் பின்தங்கினாள். அதை நாங்கள் போதிய அளவு செய்யவில்லை. இப்போது தினமும் ஒரு பக்கம் எழுதுகிறாள், தேறி வருகிறாள்.

இந்த அக்டோபரில் விஜயதசமி அன்று சின்னவனுக்கு மணல் தட்டு எடுத்தோம். அவன் விரலைப் பிடித்து அ போட்டது நான் இல்லை, அவன் அக்கா. கையை இழுத்துக்கொண்டு மணலைச் சந்தேகமாகப் பார்த்தவனிடம், "மூணு தண்ணி அலசின மண்ணுடா, ஒட்டாது" என்றாள்.