காரைக்குடி சுகர் கிளினிக்ல மாசாமாசம் நடக்குற பேச்சுக் கூட்டம், போலாமா?

டாக்டரு, நர்ஸம்மா, பேஷண்ட்டுன்னு எல்லாரும் வட்டமா சேரப் போட்டு உக்காந்து பேசுறாங்க, மாசத்துல ஒரு சனிக்கிழம சாயந்தரம், ஃபீஸ் கிடையாது. எங்க அப்பத்தாவ கூட்டிட்டுப் போறேன். கிளினிக் பேரு வேணாம், கொறையும் சொல்லப்போறேன்ல.

டாக்டர் ரூமுக்குள்ள நம்மாளுக "சரிங்க சார்"னு தலையாட்டிட்டு வந்துட்டு சந்தேகத்தையெல்லாம் மருந்துக்கடைலதான கேப்பாக, இங்க அப்படி இல்ல. ராத்திரிக்கு சப்பாத்தின்னு எழுதிக் குடுத்துருந்த சீட்ட நீட்டி பள்ளத்தூர் ஆச்சி ஒருத்தவுக "பல்லே இல்லாதவ எத வச்சும்மா மெல்லுறது"ன்னு கேட்டாக பாருங்க, டயட்டீசியன் பொண்ணு அங்கனயே அடிச்சிட்டு ரெண்டு இட்லி, நெறைய காய் போட்ட சாம்பார்னு எழுதிருச்சு. அடுத்து கவுனி அரிசி கருப்புதான, சாப்பிடலாமான்னு ஒருத்தர். நார்ச்சத்து இருக்கு சரி, அதுல சீனியும் தேங்காயும் நெய்யும் கொட்டிக் கிண்டுனப்புறம் கருப்பென்ன வெள்ளையென்னன்னு அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு.

உருப்படியா மாறுனது லேப் டைம்தான். சாப்பிடாம ரத்தம் குடுக்கணும்னு தேவகோட்டைலருந்து மொத பஸ்ஸுல வர்ற வயசானவுக லேப் தெறக்குற வரைக்கும் வெறும் வயித்தோட காத்துக் கெடந்தாக, இன்சுலின் போடுறவுகளுக்கு கைகாலெல்லாம் நடுங்கிரும். டாக்டருக்கே இது தெரியலயாம்! கூட்டத்துல சொன்னப்புறம் 7 மணிக்கே ஆள் போட்டுட்டாக. 3 மாச சுகர் சராசரி பாக்குற ஹெச்பிஏ1சி டெஸ்டுக்கு வெறும் வயிறே தேவையில்லன்னும் அன்னைக்குத்தான் நெறைய பேருக்குத் தெரிஞ்சுது.

நர்ஸம்மாவுக்கும் மனக்கொற உண்டு, மாத்திரை அட்டைய துண்டு துண்டா வெட்டிக் கொண்டாந்தா பேரும் எக்ஸ்பைரி தேதியும் போயிருது, என்ன மாத்திரைன்னு எப்படிப் பாக்குறதுன்னாக, நியாயந்தான். இன்சுலின ஃப்ரீசர்ல வைக்காதீக, ஒறஞ்சுபோனா தூக்கிப் போட்ரணும்னும் சொன்னாக.

கொறைன்னா, ஒரு ஐயா பேச ஆரம்பிச்சா அரைமணி நேரம் அவருதான், நிறுத்த ஆளில்ல. ஆம்பளைக இருக்கவும் பொம்பளைக பாதி விஷயத்த முழுங்கிர்றாக, அவுகளுக்குத் தனியா கொஞ்ச நேரம் ஒதுக்கலாம். நடுவுல டாக்டருக்கு போன் வந்தா எந்திரிச்சுப் போயிர்றாரு. சொன்னத யாரும் நோட்டுல எழுதுறதும் இல்ல, பாத்ரூம்ல கைப்பிடி கேட்டு மாசமாச்சு, இன்னும் வரல.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். போறவுக வீட்டுல சமைக்கிறவுகளையும் கூட்டிட்டுப் போங்க, அட்டைய வெட்டாம கொண்டு போங்க.