ஸ்டெயர் எல்பி10: இடுப்பில் செருக முடியாத கைத்துப்பாக்கி

இந்தத் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் எல்பி10ஐப் பற்றி எழுதுகிறவர் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். உரிமம் உங்கள் பேரில் இருக்கலாம், பணமும் நீங்களே கட்டியிருக்கலாம். துப்பாக்கி தூங்குவது என்னவோ கிளப்பின் ஆயுத அறையில்தான். கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், சுட்டு முடித்ததும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தப் பொருள் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் கையில் இருக்கும். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அந்த நேரத்தை இது வீணடிக்காமல் இருக்கிறதா என்பதுதான். துல்லியத்தில் குறை இல்லை. இந்த விலைப் பிரிவில் எந்தக் கம்பெனித் துப்பாக்கியும் சுடுபவரைவிடத் துல்லியமானதுதான்.

எல்பி10 ஆஸ்திரியாவில் செய்யப்படுவது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்கென்றே வடிவமைத்தது. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, ஒரு தடவைக்கு ஒன்று. 200 பார் அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டர் குழலுக்கு அடியில் திருகி நிற்கும். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே. போட்டி விதி 1500 கிராம் வரை அனுமதிக்கிறது. இதற்குப் பின் அதே கம்பெனியின் ஈவோ 10 வந்துவிட்டது. இருந்தாலும் கிளப்புகளில் கைமாறிக்கொண்டிருப்பதில் எல்பி10க்கு நல்ல பங்கு உண்டு.

"காற்றுத் துப்பாக்கிதானே" என்று இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் காற்றுத் துப்பாக்கியும் காற்றுக் கைத்துப்பாக்கியும் அடக்கம். சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 6 பிரம்படி. இரண்டுக்கு மேல் வைத்திருந்தது நிரூபணமானால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். அதற்கு மரண தண்டனை வரை உண்டு. துப்பாக்கி உருவத்தில் செய்த சிகரெட் லைட்டரைக்கூட நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஜொகூர், பேங்காக் கடைகளில் பார்க்கும் பொம்மைத் துப்பாக்கியை "பிள்ளைக்கு" என்று பையில் போடுமுன் இது ஞாபகம் இருக்கட்டும். அமெரிக்காவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டுக் காலித் தோட்டாக் கூட்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் சாங்கி விமான நிலையத்தில் வினையாக முடியும்.

டெக்சஸில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இதற்கு நேரெதிரான காட்சி பழக்கம். அங்கே 2016 ஜனவரி 1 முதல் உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு எல்லோருக்கும் தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பியவருக்கு உரிமம்கூடத் தேவையில்லை. உரிமம் உள்ளவரும் இப்படி உள்ளே வர வேண்டாம் என்கிற கடைக்காரர் வாசலில் 30.07 என்ற சட்டப் பிரிவின் அறிவிப்பை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், எழுதி மாட்ட வேண்டும். மறுக்கிற பொறுப்பு கடைக்காரர் தலையில். இங்கே எல்லாம் தலைகீழ்: ஏன் வேண்டும் என்று நிரூபிக்கிற பொறுப்பு கேட்பவர் தலையில். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதையும் 2022இல் வீட்டுக்கு வெளியில் எடுத்துச் செல்வதையும் தனிமனித உரிமை என்று சொன்னது. சிங்கப்பூரில் அது உரிமை இல்லை, அதிகாரி விரும்பினால் தருகிற அனுமதி. தெருவில் இடுப்பில் துப்பாக்கி தெரிந்தால் அவர் போலிஸ் அல்லது துணைப் போலிஸ்.

இந்தச் சட்ட வித்தியாசத்தைத் துப்பாக்கியின் உடம்பிலேயே பார்க்கலாம். இடுப்பில் சுமக்கிற கிளாக் 19இன் ட்ரிகரை அழுத்த ஏறத்தாழ இரண்டரை கிலோ விசை வேண்டும். உறையில் உரசினாலோ ஓடும்போது தட்டினாலோ வெடிக்கக் கூடாதே. எல்பி10க்கு விதிப்படி 500 கிராம் போதும். அதன் வால்நட் மரக் கிரிப் கையைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு தட்டு, கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம். விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துச் சரிசெய்யவே ஐந்தாறு நொடி ஆகும். உறையிலிருந்து உருவுகிற பேச்சுக்கே இடமில்லை. இதைத் தற்காப்புக்கு என்று யாராவது சொன்னால், பூ தொடுக்கும் நாரால் லாரியைக் கட்டி இழுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

ட்ரிகரில் கொஞ்சம் நிற்போம், காசு போவது அங்கேதான். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என இரண்டு நிலை. முதல் கட்டத்தில் 350 முதல் 400 கிராம் வரை வைத்து, மிச்சத்தை இரண்டாம் கட்டத்துக்கு விட்டால் விரல் ஒரு மெல்லிய சுவரைத் தொட்டு நிற்பது தெளிவாகத் தெரியும். பலர் செய்யும் தவறு, மொத்தத்தையும் சரியாக 500இல் நிறுத்துவது. குழலை நிமிர்த்தி வைத்து, ட்ரிகரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டி, தரையிலிருந்து தூக்குவதுதான் போட்டிச் சோதனை. திருகு இம்மி நகர்ந்தாலும், தூசி கொஞ்சம் சேர்ந்தாலும் 500 என்பது 495 ஆகிவிடும், கல் எழும்புமுன் ட்ரிகர் விடுபட்டுவிடும். 515, 520 என்று வைத்துக்கொண்டால் போட்டி நாளில் திருகாணியும் கையுமாக ஓட வேண்டியதில்லை. சாதாரண எல்பி10இல் இயந்திர ட்ரிகர் என்பதால் பேட்டரி கிடையாது. மொரினி சிஎம்162இஐ போன்ற வேறு கம்பெனித் துப்பாக்கிகளின் மின் ட்ரிகர் தொட்டுப் பார்க்க இன்னும் சுத்தமாக இருக்கும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஆயுத அறைக்குள்ளேயே இருக்கிற துப்பாக்கியின் பேட்டரி எப்போது இறங்கியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை காலை லேனில் நின்று ட்ரிகரை அழுத்தும்போது தெரியும். எல்பி10க்கு இங்கே ஒரு மதிப்பெண் கூடுதல்.

குறிக்கருவி இன்னொரு பலம். முன்குறியும் பின்குறியும் ஏறக்குறைய 350 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்குறி பின்குறிப் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 10 மீட்டர் தள்ளி குண்டு கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர் விலகும். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மில்லிமீட்டர்தான். ஆக மூன்றரை வளையம் போச்சு. பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த விட்டமே 11.5 மில்லிமீட்டர். கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இதில் ஆறுதல் உண்டு: கை முழுவதும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால் குண்டும் 3 மில்லிமீட்டர்தான் விலகும், பத்துக்குள்ளேயே விழும். மணிக்கட்டு மடங்குவதுதான் ஆளைக் கொல்லும். பின்குறிப் பள்ளத்தின் அகலத்தைத் திருகி மாற்றும் வசதி இருக்கிறது. முன்குறிக்கு இருபுறமும் போதிய வெளிச்சம் தெரியும்படி அகலமாக வையுங்கள். ஒட்டி வைத்தால் நாற்பதாவது குண்டுக்குள் கண் சோர்ந்துவிடும். போட்டி 60 குண்டு, 75 நிமிடம்.

உள்ளே ஒரு சின்ன எடை இருக்கிறது. குண்டு புறப்படும்போது அது எதிர்த் திசையில் நகர்ந்து உதையை விழுங்கும். குழலின் முன்பகுதியில் உள்ள துளைகள் குண்டுக்குப் பின்னால் வரும் காற்றை முன்கூட்டியே வெளியேற்றும். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் முன்குறி, சுட்ட பிறகும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்கும். திடீரென ஒரு நாள் முன்குறி குதிக்க ஆரம்பித்தால் உங்கள் பிடியைச் சந்தேகிக்குமுன் அந்த எடை அழுக்கில் சிக்கியிருக்கிறதா என்று கிளப்பின் ஆயுத நிபுணரிடம் காட்டுங்கள். நீங்களே எண்ணெய் விட வேண்டாம்.

எண்ணெய் என்றதும் சிலிண்டர். பெரும்பாலான பிரச்சினைகள் இங்கிருந்துதான். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையச் சீல் காய்ந்துவிட்டது என்று சாதாரண இயந்திர எண்ணெய் தடவுகிறார்கள். 200 பார் அழுத்தத்தில் பெட்ரோலிய எண்ணெய் தீப்பற்றக்கூடியது, சீலையும் அரிக்கும். தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை அரிசிமணி அளவு எடுத்து, விரலால் பூசித் துடைத்துவிடுங்கள், போதும். நிரப்பும்போது மெதுவாகத் திறக்க வேண்டும். சடாரென்று அடைத்தால் சிலிண்டர் சூடேறி மீட்டர் 200 காட்டும். லேனுக்கு வந்து ஆறியதும் 180க்கு இறங்கியிருக்கும். கசிவு என்று நினைத்து சீலை மாற்றியவர்கள் உண்டு, கசிவே இல்லாமல். திருகுவது கையால் மட்டும். முழுச் சிலிண்டரில் நூறு குண்டுக்கு மேல் தாராளமாக வரும். அழுத்தம் கடைசிக்கு வரும்போது குண்டுகள் இலக்கில் கீழே இறங்கத் தொடங்கும். குறியைத் திருகாதீர்கள், சிலிண்டரை மாற்றுங்கள்.

சிலிண்டரின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதிலிருந்து 10 ஆண்டு. அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் நல்ல ரேஞ்சில் நிரப்ப மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும். பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். துப்பாக்கியோடு வருகிற இரண்டு சிலிண்டரும் காலாவதி என்றால் புதிதாக வாங்கும் செலவு, இறக்குமதிக்கான காத்திருப்பு எல்லாம் சேர்ந்து அந்த மலிவை விழுங்கிவிடும். அடுத்து ட்ரிகரைப் பத்துத் தடவை வெறுமனே அழுத்திப் பாருங்கள். சுவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வர வேண்டும். இந்த உலர் பயிற்சிக்கு, காற்றை வெளிவிடாமல் ட்ரிகரை மட்டும் இயக்கும் வசதி துப்பாக்கியிலேயே இருக்கிறது. கிரிப்பை அரத்தால் ராவி, மரப் புட்டி பூசி முந்தையவர் தன் கைக்கு ஏற்றபடி மாற்றியிருப்பார். அது உங்கள் கைக்குச் சேராது. புதுக் கிரிப்பின் விலையையும் பேரத்தில் கழித்துக் கேளுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இந்தத் துப்பாக்கி ஓரளவுதான் தாக்குப்பிடிக்கிறது. ஆஸ்திரியக் குளிரில் இறுக்கமாகப் பிடித்த மரம் இங்கே ஈரம் குடித்துக் கொஞ்சம் ஊதும். நடுவிரலுக்கும் ட்ரிகர் காவலுக்கும் இடையில் தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தது ஒரு மாதத்தில் மறைந்துபோகும். ஆகவே வந்த முதல் வாரத்திலேயே ராவாதீர்கள். ஏழெட்டு வாரம் ஊற விட்டுப் பிறகு செய்யுங்கள். வியர்வைக் கைக்காரர்கள் ஒவ்வொரு பத்துக் குண்டுக்கும் துண்டால் துடைப்பது நல்லது. நுரைப்பஞ்சு போட்ட பெட்டிக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் திருகுகளில் துரு நிச்சயம். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஈயக் குண்டும் ஈரத்தில் வெள்ளைப் பூப் பூக்கும், அப்படிப்பட்டதைச் சுட வேண்டாம். டின் திறந்தால் இறுக மூடுங்கள்.

குண்டு தட்டைத் தலையாகத்தான் இருக்க வேண்டும், காகிதத்தில் வட்டம் சுத்தமாக வெட்டும். ஆர்டபிள்யூஎஸ் கம்பெனியின் ஆர்10 குண்டில் 0.45 கிராம், 0.53 கிராம் என இரண்டு உண்டு, லேசானது பிஸ்டலுக்கு. தலை விட்டம் 4.48, 4.49, 4.50 என்று வரும். மூன்றிலும் ஒரு டின் வாங்கி, துப்பாக்கியை அசையாத பிடிமானத்தில் வைத்துச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். புதியவர் இந்த வேலையை ஒத்திப்போடலாம், அவர் கை ஆடுகிற ஆட்டத்தில் வித்தியாசம் தெரியாது. குண்டைக் கிளப் மூலமாகவே வாங்குங்கள். சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கறிபஃப்பைத் தொடாதீர்கள். ஈயம் விரலில் ஒட்டியிருக்கும்.

யாருக்கு? தேசிய சேவையில் சார் 21 ரைபிளைச் சுட்டுக் குறிசுடுநர் பட்டை வாங்கியவர்கள் இதுவும் அப்படித்தான் என்று வருகிறார்கள். ரைபிளைத் தோளும் கன்னமும் இரு கையும் தாங்கும். இங்கே ஒரே கை, நீட்டிய கை, இன்னொரு கை கால்சட்டைப் பையில். முதல் மாதம் தோள் நடுங்கும். அதனால் ஆறு மாதமாவது கிளப்பின் பொதுத் துப்பாக்கியிலேயே சுடுங்கள். அதில் 60 குண்டுக்கு 500 புள்ளியைத் தொடாதவருக்கு எல்பி10 கூடுதலாக எதுவும் தராது. தொட்ட பிறகு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். உரிமம் கையில் வரும்வரை விற்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சில்லறைச் சாமான். இதனோடு வரும் பாதுகாப்புக் கொடி தொலைந்தால் கொடிக்குப் பதில் ஏதோ ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு வருகிறார்கள். ஆரஞ்சு நிற நைலான் கம்பி குழலின் முழு நீளத்துக்கும் போய் மறுமுனையில் வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் உள்ளே குண்டு இல்லை என்பது நான்கு லேன் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். மீட்டர் கணக்கில் வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளலாம், ஒரு மீட்டர் வாங்கினால் மூன்று கொடி.