பெருங்குடி குப்பைமேடு அகற்றும் பணி: கொடுத்த காசுக்குக் கிடைத்தது என்ன?

பெருங்குடி குப்பைக் கிடங்கில் பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்த பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து அப்புறப்படுத்தும் பணியைப் பெருநகர சென்னை மாநகராட்சி 350.65 கோடி ரூபாய் மதிப்பில் ஆறு தொகுப்புகளாகப் பிரித்து ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைத்தது. தூய்மை இந்தியா திட்டத்தின் வழியாக மேல்நிலை அரசுகளின் பங்கு இதில் சேர்ந்திருந்தாலும், பணியை நடத்துவதும் அதற்குப் பொறுப்பேற்பதும் மாநகராட்சிதான். ஆகவே சொத்து வரி செலுத்துகிறவர், வாங்கிய சேவையை மதிப்பிடும் கண்ணோடு இதைப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் விலையைப் பார்ப்போம். அகற்ற வேண்டியதாகக் கணக்கிடப்பட்ட குப்பை 34.02 லட்சம் கன மீட்டர். அதாவது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,030 ரூபாய் ஆகிறது. குப்பையின் மேல் மண்ணைப் பரப்பி, புல் வளர்த்து மூடிவிட்டால் இதைவிடக் குறைந்த செலவில் முடியுமே என்று கேட்போர் உண்டு. வேறோர் இடத்தில் அது பொருந்தலாம், பெருங்குடியில் பொருந்தாது. இந்தக் கிடங்கு பள்ளிக்கரணைக் கழுவெளியின், அதாவது சதுப்பு நிலத்தின் மேலேயே அமைந்தது. அடியில் விரிப்போ தடுப்போ இல்லாமல் ஈர நிலத்தில் நேரடியாகக் கொட்டப்பட்ட குப்பையை மேலே மட்டும் மூடினால், கீழே கசிவது கசிந்துகொண்டேதான் இருக்கும். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இந்தச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. அந்த நீர்வழியின் நடுவே குப்பையை நிரந்தரமாகப் புதைத்து வைப்பதற்குச் செலவிடும் தொகை, எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீண் செலவே.

சட்டத்தின் பார்வையிலும் இந்தக் கிடங்குக்கு நியாயம் சொல்வது கடினம். சதுப்பு நிலங்களில் திடக்கழிவு கொட்டுவதை 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. பள்ளிக்கரணை 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. யாரோ ஒருவர் இரவோடு இரவாக ஏரிக்கரையில் கட்டட இடிபாட்டைக் கொட்டினால் அபராதம் விதிக்கிற உள்ளாட்சி அமைப்பே பல்லாண்டுகள் ஒரு சதுப்பில் நகரத்தின் குப்பையைக் கொட்டியது என்பதால், இப்போது நடப்பதைக் கொடை என்று யாரும் பாராட்ட வேண்டியதில்லை. இது காலம் கடந்து அடைக்கப்படும் கடன்.

பணி நடக்கும் முறை எனக்கு நிறைவளிக்கிறது. மேட்டை வெட்டி, வரப்புகள்போல நீளக் குவியல்களாக அடுக்கி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, அவ்வப்போது புரட்டிப் போட்டு, ஈரமும் நாற்றமும் வாயுவும் குறையும்வரை ஆறவிடுகிறார்கள். பிறகு சுழலும் ராட்சதச் சல்லடைகளில் ஏற்றும்போது மண், கல், கண்ணாடி, இரும்பு, நெகிழி, துணி என்று தனித்தனியே பிரிகின்றன. எரியக்கூடிய நெகிழியும் துணியும் சிமென்ட் ஆலைகளின் உலைகளுக்கு எரிபொருளாகச் செல்கின்றன. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தக் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்து சுற்றுவட்டாரத்தை மூச்சுத் திணறவைத்தது. குப்பைமேட்டின் உள்ளே அடைபட்ட மீத்தேன் வாயுவும் அடுக்கடுக்காய்க் கிடக்கும் நெகிழியும் ஒன்றாக இருக்கும்வரை அத்தகைய தீயை முற்றிலும் தவிர்க்க முடியாது. அதனால் மேடு கரையும் ஒவ்வோர் ஏக்கரும் அப்பகுதி மக்களின் நுரையீரலுக்குக் கிடைக்கும் நேரடிப் பயன்; இந்த ஒன்றுக்காகவே செலவு தகும் என்பேன்.

குறைகளும் சிறியவை அல்ல. முதலில் அறிவித்த காலக்கெடு தாண்டிப்போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; மழைக்காலத்தில் ஈரக் குப்பை சல்லடையில் ஒட்டிக்கொண்டு நகராது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. என்னை உறுத்துவது வேறு. சென்னையின் தென்பகுதி மண்டலங்களில் அன்றாடம் சேரும் குப்பை, பழையதைத் தோண்டும் காலத்திலும் இதே வளாகத்துக்கே வந்தது. ஒரு பக்கம் காசு கொடுத்து அள்ளி, மறுபக்கம் காசு கொடுத்துக் கொட்டுவது, ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே ஓட்டையை அடைக்காமல் விடுவதற்குச் சமம். வீட்டு வாசலிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வாங்கும் ஏற்பாடு உறுதியாகாத வரை, இதே சேவையை இன்னொரு முறை விலைக்கு வாங்க வேண்டிவரும்.

இரண்டாவது குறை, சலித்த பின் கிடைக்கும் மண் பற்றியது. பார்வைக்கு அது நல்ல கரிசல் மண்போல இருக்கும். தாழ்வான இடங்களை நிரப்பக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் மின்கலம், சாயம், தொழிற்கழிவு எல்லாம் கலந்து ஊறிய மண்ணில் உப்பும் ஈயம் போன்ற கன உலோகங்களும் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எந்த லாரி எவ்வளவு மண்ணை எந்த இடத்தில் இறக்கியது, அந்தத் தொகுதி ஆய்வகச் சோதனையில் தேறியதா என்பதைப் பொதுமக்கள் படிக்கும் வகையில் வெளியிடாமல், எத்தனை ஏக்கர் மீண்டது என்று மட்டும் அறிவிப்பது பாதிக் கணக்கே. ஒரு சதுப்பைச் சுத்தம் செய்து இன்னொரு ஏரியைக் கெடுத்தால் மீட்பு என்ற சொல்லுக்கே இடமில்லை.

மீட்ட நிலத்தில் பூங்கா அமைக்கும் யோசனை எழுந்தபோது சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். நானும் அவர்கள் பக்கமே. நடைபாதையும் மின்விளக்கும் அமைக்க வேறு இடங்கள் உள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் எப்படி மிதந்தன என்பதைப் பார்த்தவர்கள், நீர் தேங்க வேண்டிய இடத்தை மண்ணிட்டு உயர்த்த ஒப்பமாட்டார்கள். அகழ்ந்த பள்ளத்தைச் சதுப்பாகவே விட்டு, வனத்துறையின் காப்புப் பகுதியோடு சேர்ப்பதே செலவுக்கு ஏற்ற பலன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். தோண்டும் வேலைக்கு நாலரை, அதன்பின் வரும் கணக்குக்கு இரண்டு. சென்னையின் இன்னொரு குப்பைக் கிடங்கான கொடுங்கையூரில் 66.52 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற 640 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே வாழ்வோர் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் முதலில் கேட்க வேண்டியது, வெளியேறும் ஒவ்வொரு லாரியின் எடைச் சீட்டும் மண் பரிசோதனை அறிக்கையும் மாதந்தோறும் வெளியாகுமா என்பதையே.